பழைய ஸ்டாம்ப் ஒட்டிய கடிதம் ஒன்று கிடைத்தால், அதன் மதிப்பை எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான். பழைய புத்தகக் கட்டுக்குள் ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு கடிதம் கிடைத்திருக்கிறது. உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, வெளிப்பக்கத்தில் விலாசம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இது விலை போகுமா, ஸ்டாம்பை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து விற்கலாமா என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: எடுக்காதீர்கள். தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கத்தரித்தும் எடுக்க வேண்டாம்.

1873ல் பிரிட்டிஷ் கயானாவில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டிலிருந்த பழைய கடிதங்களைக் குடைந்து, அழுக்கேறிய ஒரு ஸ்டாம்பை எடுத்தான். அதை உள்ளூர் சேகரிப்பாளர் ஒருவருக்கு ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். அதுதான் 1856ஆம் வருடத்து ஒரு சென்ட் மெஜந்தா. 2014ல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 95 லட்சம் டாலருக்குப் போனது. ஆனால் அது இன்றைக்குத் தனி ஸ்டாம்பாகத்தான் இருக்கிறது, கடிதம் கூட இல்லை. மொரீஷியஸ் தீவு 1847ல் வெளியிட்ட ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் ஸ்டாம்புகள் கதை வேறு. அந்த இரண்டும் சேர்ந்து ஒட்டப்பட்டு, பிரான்ஸின் போர்தோ நகரத்து ஒயின் வணிகர் ஒருவருக்குப் போன கடிதம் முழுசாகப் பிழைத்திருக்கிறது. 1993ல் சூரிச்சில் அது ஏலத்துக்கு வந்தபோது, ‘போர்தோ கவர்’ என்று தனிப் பெயர் சொல்லித்தான் அதைப் பேசினார்கள். (தபாலில் போன கடிதம் முழுசாக இருந்தால், உறை இல்லாவிட்டாலும், சேகரிப்பாளர்கள் அதைக் கவர் என்றே சொல்வார்கள்.) ஸ்டாம்புகள் அரியவைதான். ஆனால் அவை போய்ச் சேர்ந்த கடிதத்திலேயே ஒட்டியிருப்பதால்தான் அந்தப் பெயர்.

கடிதமாகக் கிடைத்ததை ஸ்டாம்ப் கேட்லாக்கை மட்டும் வைத்துக்கொண்டு விலை பார்க்க முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. ஸ்டாம்ப் என்பது ஒரு பயணத்துக்குக் கட்டிய பணத்தின் ரசீது, அவ்வளவுதான். எங்கிருந்து கிளம்பியது, எந்தத் தேதி, எந்த வழியாகப் போனது, எவ்வளவு கட்டணம், எப்போது போய்ச் சேர்ந்தது என்ற பயண விவரம்தான் பெரும்பாலும் விலையை முடிவு செய்கிறது.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து ஆற்றைத் தாண்டி நைனிக்கு ஒரு சிறு விமானத்தில் தபால் போனது. விமானத் தபால் வரலாற்றில் அது மிக முக்கியமான நாள். அந்தக் கடிதங்களில் ஒட்டியிருப்பதெல்லாம் ஏழாம் எட்வர்ட் படம் போட்ட சாதாரண ஸ்டாம்புகள். பிரித்தெடுத்தால் சில்லறைக்குக்கூடப் போகாது. அந்த நாளுக்கென்றே செய்த முத்திரையோடு முழுக் கவராக இருந்தால் சேகரிப்பாளர்கள் தேடி வருவார்கள்.

அடுத்து, வயது. “நூறு வருஷத்துக்கு மேலே ஆச்சு, லட்சக்கணக்கில் போகும்” என்று நம்பி வருகிறவர்களிடம் எனக்கு எப்போதும் சங்கடம்தான். உலகின் முதல் ஸ்டாம்பான பென்னி பிளாக்கே சுமார் 6 கோடியே 80 லட்சம் அச்சானது. அது வருவதற்கு முன்பு வரை, உறை போட்டால் அதையும் ஒரு தாளாகக் கணக்கிட்டுக் கூடுதல் கட்டணம் வாங்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தில் பிறகும் தாளையே மடித்து அனுப்பினார்கள். வணிகர்களும் வழக்கறிஞர்களும் வந்த கடிதங்களைக் கட்டுக் கட்டாகக் கோப்பில் வைத்தார்கள், கூடவே ஸ்டாம்பும் பிழைத்தது. ஆகவே பென்னி பிளாக் ஒட்டிய கடிதம் அபூர்வம் என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் எது விலையை ஏற்றுகிறது? அந்த ஸ்டாம்புக்கு ஓரத்தில் பற்கள் கிடையாது. 240 ஸ்டாம்புகள் கொண்ட தாளிலிருந்து கையால் வெட்டி எடுத்தார்கள். அவசரத்தில் வெட்டும்போது ஏதாவது ஒரு பக்கம் படத்துக்குள்ளேயே கத்தரி போய்விடும். நாலு பக்கமும் வெள்ளை மார்ஜின் தெளிவாக இருந்தால் ஒரு விலை, ஒரு பக்கம் படத்தைத் தொட்டால் வேறு விலை. எந்த அச்சுத் தகட்டிலிருந்து வந்தது என்பதும் கணக்கு. பதினோராம் தகடு மற்றவற்றைவிட அரிது. பிறகு தேதி. 1840 மே 6 அன்றுதான் அது செல்லுபடியாகத் தொடங்கியது. விற்பனை மே 1லேயே தொடங்கிவிட்டதால், சிலர் முன்கூட்டியே ஒட்டிப் போட்டுவிட்டார்கள். மே 6க்கு முந்தைய தேதி முத்திரையோடு ஒரு கடிதம் கிடைத்தால் கதையே மாறிவிடும். ஒரே ஸ்டாம்ப்தான், நாலைந்து நாள் வித்தியாசம்தான்.

அடுத்து வந்த பென்னி ரெட்டிலும் இப்படி ஒரு கண் வலிக்கும் வேலை உண்டு. 1864லிருந்து வந்தவற்றில் இடது, வலது ஓரத்து வலைப்பின்னல் வடிவத்துக்குள் தகட்டு எண் பொடிப் பொடியாக இருக்கும். 71லிருந்து 225 வரைக்குமான அந்த எண்களில் பெரும்பாலானவை மலிவு. 77 மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறது. முத்திரை மசி அதன் மேல் விழுந்திருந்தால் 73ஐ 77 என்று நம்பிக் குதிப்பவர்கள் நிறைய. 177லும் முதல் 1 மறைந்தால் 77 போலத் தெரியும்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருவோம். என் கையில் ஒரு கடிதம் வந்தால் நான் முதலில் பார்ப்பது ஸ்டாம்பை அல்ல, ஸ்டாம்பின் ஓரத்தை. முத்திரையின் ஒரு பாதி ஸ்டாம்பின் மேலும் மறு பாதி தாளின் மேலும் விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால், அந்த ஸ்டாம்ப் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்து, மசிக்கோடு ஸ்டாம்பிலிருந்து தாளுக்கு இறங்கும் இடத்தைப் பாருங்கள். ஸ்டாம்புக்குத் தடிமன் இருப்பதால் முத்திரைக் கட்டை விளிம்பை ஒட்டிய தாளில் சரியாகப் பதியாமல், பல சமயம் மயிரிழை இடைவெளி விட்டிருக்கும். பின்னாளில் யாரோ பேனாவால் வரைந்து சேர்த்தால் கோடு விளிம்பில் வழுக்கிக்கொண்டு தடையில்லாமல் இறங்கும், மசியின் நிறமும் இரண்டு பக்கத்திலும் லேசாக வேறுபடும். ஒரு முறை இணையத்தில் விற்பனைக்கு வந்த ஒரு கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்ட முத்திரையின் ஸ்டாம்ப் மேல் இருந்த பாதியும் தாளில் இருந்த பாதியும் ஒன்று சேர்ந்தால் வட்டமே வராது, முட்டை வடிவம்தான் வரும். கேட்ட விலை மட்டும் வெகு உயரம்.

ஒரு எச்சரிக்கை: 1840களின் தொடக்கத்து பிரிட்டிஷ் கடிதங்களில் மால்டா சிலுவை முத்திரை சிறியது, பல சமயம் ஸ்டாம்புக்குள்ளேயே அடங்கிவிடும். தாளைத் தொடவில்லை என்பதற்காக அதைப் போலி என்று ஒதுக்கக் கூடாது. அங்கே தேதி முத்திரை, கட்டணம், மடிப்பு என்று மற்ற சாட்சிகளைக் கூப்பிட வேண்டும்.

அடுத்தது கட்டணம். இதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை, எனக்கோ இதுதான் இந்தப் பொழுதுபோக்கிலேயே பிடித்த பகுதி. 1840லிருந்து பிரிட்டனுக்குள் அரை அவுன்ஸ் வரை ஒரு பென்னி. அப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு காலத்துக்கும் கட்டண அட்டவணை உண்டு. ஒட்டியிருக்கும் ஸ்டாம்புகளின் கூட்டுத்தொகை அந்த அட்டவணையோடு பொருந்த வேண்டும். குறைந்தால், ஒரு ஸ்டாம்ப் உதிர்ந்திருக்கலாம். பக்கத்தில் சதுரமாகப் பசைக் கறையோ தாளின் நிறம் வெளிறாத இடமோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மீதிக் கட்டணத்தைப் பெறுநரிடம் வாங்கியதற்கான குறி எங்காவது இருக்கும். சர்வதேசத் தபாலில் ‘T’ என்ற ரோமன் எழுத்து முத்திரை அதற்குத்தான்.

சர்வதேச அஞ்சல் ஒன்றியத்துக்கான பெர்ன் ஒப்பந்தம் 1874ல் கையெழுத்தாகி, அடுத்த ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வெளிநாட்டுக் கடிதங்களில் சுவாரசியம் இன்னும் அதிகம். ஒவ்வொரு இரண்டு நாடுகளுக்கும் இடையே தனித்தனி ஒப்பந்தம். கப்பலுக்கு இவ்வளவு, நடுவில் கடக்கும் நாட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து, தபால்காரர்கள் பேனாவாலும் கலர் பென்சிலாலும் முகப்பிலேயே எண்களைக் கிறுக்கி வைத்திருப்பார்கள். பார்க்கக் குழந்தை கிறுக்கியது போலவே இருக்கும். தயவுசெய்து ரப்பர் போடாதீர்கள்! விஷயம் தெரிந்தவர் அந்தக் கிறுக்கலுக்குத்தான் பணம் தருவார்.

பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வழியில் தொட்ட ஊர்களின் முத்திரைகளும் போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரையும் அங்கேதான் இருக்கும். தேதிகள் வரிசையாக வருகின்றனவா, இடைப்பட்ட நாட்கள் அந்தக் காலத்துக் கப்பலுக்கோ ரயிலுக்கோ பொருந்துகின்றனவா என்று பாருங்கள். போலி செய்பவர் முகப்பில் காட்டும் அக்கறையைப் பின்பக்கத்தில் காட்டுவது குறைவு.

வழி அசாதாரணமாக இருந்தால் விலை ஏறும், ஆனால் கதை பெரிதாக இருப்பதால் மட்டும் ஏறாது. 1870–71ல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டபோது அறுபதுக்கும் மேற்பட்ட பலூன்கள் கடிதங்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோயின. கேட்கவே மெய்சிலிர்க்கும். ஆனால் போனவை லட்சக்கணக்கில், பிழைத்தவையும் ஏராளம். எந்த பலூனில் போனது, எந்த நாட்டுக்குப் போனது என்பதில்தான் விலை பிரியும்.

நேர்மாறாக, 1937ல் ஹிண்டன்பர்க் ஆகாயக்கப்பல் எரிந்தபோது அதில் 17,000க்கும் மேற்பட்ட தபால்கள் இருந்தன. மிஞ்சியவை சில நூறு. ஓரம் கருகிய அந்தக் கவர்களுக்குப் பெரும் போட்டி. காலரா, பிளேக் பயத்தில் கடிதங்களைக் கத்தியால் கீறிப் புகை போட்டும், வினிகரில் தோய்த்தும் அனுப்பிய காலம் உண்டு. அந்தக் கீறலைக் கிழிசல் என்று நினைத்து டேப் ஒட்டிவிடாதீர்கள்.

இந்த மாதிரி விதிவிலக்குகளை விட்டால், நிலைமை மோசமானால் விலை சரிவது நிச்சயம். மடிப்பு ஸ்டாம்பின் நடுவே போவது, பூஞ்சையின் பழுப்புப் புள்ளிகள், உறையைத் திறக்கும்போது கிழித்தது, செல்லோ டேப்பின் மஞ்சள் கறை. கடைசியாகச் சொன்னது போகவே போகாது. இஸ்திரி போடுவது, லேமினேட் செய்வது இரண்டும் கொலை. பிவிசி உறையிலும் வைக்க வேண்டாம், அதிலிருந்து வரும் ரசாயனம் காகிதத்தைக் கெடுக்கும். பாலியஸ்டர் உறை வாங்குங்கள்.

உள்ளே எழுதியிருப்பதையும் படித்துவிடுங்கள். “சரக்கு வந்து சேர்ந்தது, பாக்கியை அனுப்பவும்” என்று இருந்தால் தபால் வரலாற்று விலை மட்டும்தான். போர், பஞ்சம், தங்க வேட்டை, கப்பல் விபத்து என்று நேரில் பார்த்தவர் எழுதியிருந்தாலோ, தெரிந்த பெயரின் கையொப்பம் இருந்தாலோ, வாங்குகிற கூட்டமே வேறு. அப்போது ஸ்டாம்ப் வியாபாரியிடம் காட்டினால் பாதி மதிப்பு அவர் கண்ணிலேயே படாது. பழைய ஆவணங்கள், கையெழுத்துகள் வாங்குபவரிடமும் காட்டுங்கள்.

விலைக்கு வருவோம். ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட், மிஷல் போன்ற கேட்லாக்குகள் ஸ்டாம்பை அடையாளம் காண இன்றியமையாதவை. பல பக்கங்களில் கவரோடு இருந்தால் எவ்வளவு என்றும் போட்டிருப்பார்கள். கிப்பன்ஸில் தனி ஸ்டாம்பின் விலையை இத்தனை மடங்காக்கு என்று இருக்கும். அது சாதாரணக் கவருக்கான கணக்கு. அதிக முகமதிப்புள்ள ஸ்டாம்புகள் பெரும்பாலும் பார்சலில் ஒட்டப்பட்டன. பார்சல் தாளை யார் பத்திரப்படுத்துவார்கள்? அதனால் அவை கவரோடு கிடைப்பது அரிது. ஆனால் கேட்லாக்கில் இருப்பது கடைக்காரர் விற்கும் விலை. அவரே உங்களிடம் வாங்கும்போது அதில் ஒரு பங்குதான் தருவார். நம்பத்தக்க எண் வேண்டுமென்றால், ஏல நிறுவனங்கள் இணையத்தில் வைத்திருக்கும் முடிந்த ஏலங்களின் பட்டியலில், உங்களுடையதைப் போன்ற கவர் என்ன விலைக்குப் போனது என்று தேடுங்கள். இணையச் சந்தையில் ஒருவர் கேட்கும் விலை அவருடைய ஆசை, அவ்வளவுதான்.

விலை கணிசம் என்று தெரிந்தால் நிபுணர் சான்றிதழ் வேண்டும். ழான் த ஸ்பெராட்டி என்ற போலிக்காரரின் ஸ்டாம்புகளை 1942ல் பிரெஞ்சு சுங்க அதிகாரிகள் பிடித்து, அசல் என்று நம்பி, அரிய ஸ்டாம்பை ஏற்றுமதி செய்ததாக அவர் மேல் வழக்கே போட்டார்கள். தான் செய்தவை போலி என்று அவரே நிரூபிக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட கைகள் இருந்த துறை இது. லண்டன் ராயல் ஃபிலடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு 1894லிருந்து இந்த வேலையைச் செய்கிறது, வேறு நாடுகளிலும் இத்தகைய குழுக்கள் உண்டு. கட்டணம் உண்டு என்பதால், சாதாரணக் கடிதத்துக்குச் சான்றிதழ் வாங்கினால் கைப்பணம்தான் போகும். அதற்கு முன் வீட்டிலேயே புற ஊதா விளக்கில் காட்டிப் பாருங்கள். சுமார் 1950க்குப் பிறகு வந்த காகிதங்களில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் நீலமாக ஒளிரும். பழைய தாள் மங்கலாகவே இருக்கும்.

கேட்டவர் படம் போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன். முன்பக்கம், பின்பக்கம், தாளை விரித்த உள்பக்கம் மூன்றையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டாம்பும் முத்திரையும் தொடும் இடத்தை மட்டும் பெரிதாக இன்னொன்று. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்பதும் தேதியும் படிக்க முடிந்தால் எழுதுங்கள். அன்றைய கட்டணத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.