வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு ஐரோப்பிய இடைக்கால, மறுமலர்ச்சிக் கால ஓவியத்தையும் இசையையும் எப்படிக் கற்பிப்பது?

உங்கள் கேள்வியில் இரண்டு கவலைகள் தெரிகின்றன. 7 வயதிலும் 11 வயதிலும் உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வயதுக்கு மீறியதாகிவிடுமோ என்பது ஒன்று. ஓவியமும் மேற்கத்திய இசையும் உங்களுக்கே பழக்கமில்லாதபோது எங்கே தொடங்குவது என்பது மற்றொன்று. நான் இங்கிலாந்தில், லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு, என் இரு மகள்களுக்கும் வீட்டிலேயே கற்பித்து வருகிறேன். இரண்டாவது கவலை எனக்கும் இருந்தது. அதனால் முதல் ஆண்டில், விலை கொடுத்து வாங்கிய ஒரு பாடத் தொகுப்பை அப்படியே பின்பற்றி, சுவரில் காலவரிசை அட்டை ஒட்டி, நூற்றாண்டு நூற்றாண்டாக நடத்தினேன். பிள்ளைகள் பெயர்களை ஒப்பித்தார்கள். ஆனால் எந்த ஓவியத்தின் முன்னும் இரண்டு நிமிடம் நிற்கவில்லை.

இப்போது காலவரிசையைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. ஓர் ஊரையோ ஒரு நாளையோ எடுத்துக்கொண்டு, அங்கே கண்ணுக்குத் தெரிந்ததையும் காதில் விழுந்ததையும் சேர்த்தே கொடுக்கிறேன். அதில் ஏதாவது ஒன்றைப் பிள்ளைகள் தங்கள் கையாலோ குரலாலோ செய்தே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு, 1436 மார்ச் 25, ஃபுளோரன்ஸ் நகரம். 1420இல் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி தொடங்கிய பேராலயக் குவிமாடம் மூடும் தறுவாயில் இருந்தபோது, நான்காம் யூஜின் போப்பாண்டவர் அந்தப் பேராலயத்தை அன்று நேர்ந்தளித்தார். அந்த நாளுக்கென்றே குய்யோம் டுஃபே இயற்றிய பலகுரல் பாடல் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 45 மீட்டர் அகலமுள்ள அந்த எண்கோண வெளியைத் தரையிலிருந்து சாரமரம் கொடுத்துத் தாங்காமல் எப்படி மூடினார்கள் என்று என் பெரியவள் ஒரு வாரம் முழுவதும் மரக்கட்டைகளை வைத்துக்கொண்டு முயன்றாள். கிடைமட்ட வரிசைகளுக்கு இடையிடையே செங்குத்தாகச் செருகிய செங்கற்கள், காரை காயும் வரை மற்றவற்றைச் சரியவிடாமல் பிடித்துக்கொண்டன என்பதை அந்த ஒரு வாரத்துக்குப் பிறகுதான் சொன்னேன்.

பாடலுக்கு வந்தால், அதன் கீழ்க்குரல்கள் இரண்டும் கோயில் நேர்ந்தளிப்புக்குரிய ஒரு பழைய வழிபாட்டு மெட்டை எடுத்து, அதையே நான்கு முறை, சுரங்களின் நீளம் 6:4:2:3 என்ற விகிதத்தில் அமையும்படி வேகம் மாற்றிப் பாடுகின்றன. கர்நாடக இசை படிக்கும் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். ஒரே வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று பாடிப் பழகியவர்கள்தானே அவர்கள்! கீழ்க்குரல் நுழையும்போதெல்லாம் கைதட்டச் சொன்னேன். மூன்றாம் முறை ஓட்டமெடுத்த மெட்டு நான்காம் முறை சற்று நிதானிக்கிறது என்பதைச் சின்னவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

ஓவியங்களுக்குப் போகும் முன் கதைகளைச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் பைபிள் கதைகள் புழங்கியதில்லை. ஆகவே மரியாளிடம் தேவதூதர் செய்தி சொன்னது, யோர்தான் நதியில் ஞானஸ்நானம், சிலுவைப்பாடு ஆகியவற்றை நம்பிக்கையுள்ளவர்கள் சொல்லும் மதிப்போடேயே சொல்லிக் கொடுத்தேன். கையில் வேல் இருந்தால் முருகன் என்று அறிவதுபோல, சாவி இருந்தால் பேதுரு, முட்சக்கரம் இருந்தால் கேத்தரின், அருகே சிங்கம் படுத்திருந்தால் ஜெரோம் என்று பிள்ளைகள் விரைவில் பழகிக்கொள்வார்கள். தியாகிகளின் வதைக் காட்சிகளை மட்டும் 7 வயதுப் பிள்ளைக்குத் தவிர்த்துவிடலாம்.

ஒரே ஒரு செய்முறைக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் முட்டை டெம்பராவை, அதாவது மஞ்சள் கருவில் வண்ணப்பொடியைக் குழைத்துத் தீட்டும் முறையைத் தேர்ந்தெடுங்கள். எண்ணெய் வண்ணம் பரவுவதற்கு முன் ஐரோப்பாவின் மரப்பலகை ஓவியங்களில் பெரும்பாலானவை இந்த முறையில் தீட்டப்பட்டவையே. வெள்ளைக்கருவை வடித்துவிட்டு, மஞ்சள் கருவை உள்ளங்கைக்கு உள்ளங்கை மாற்றிக்கொண்டே வந்தால், ஒட்டியிருக்கும் பசை கையில் தங்கி, கரு உலர்ந்து உருண்டு நிற்கும். பிறகு அதன் மெல்லிய தோலை இரு விரல்களால் பிடித்துக் கிண்ணத்தின் மேல் தூக்கி, ஊசியால் குத்தினால் மஞ்சள் மட்டும் இழையாக வடியும். தோல் விரலில் தொங்கும். என் சின்னவள் நான்கு கருக்களை உடைத்த பிறகு ஐந்தாவதை முழுதாகத் தூக்கினாள். அப்போது அவள் மூச்சுக்கூட விடவில்லை. அந்த மஞ்சளில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஏற்கெனவே நீரில் குழைத்து வைத்த காவிப் பொடியோடு சேர்த்தால் வண்ணம் தயார். காவி, மஞ்சள் காவி, பச்சை மண் போன்ற மண்நிறங்களே போதும். ஈயமோ காட்மியமோ கலந்த பொடிகளை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், பொடியைக் குழைக்கும் வேலையை நீங்களே முகக்கவசத்தோடு செய்யுங்கள்.

இந்த வண்ணம் தீட்டிய சில நொடிகளிலேயே காய்ந்துவிடுவதால், ஈரத்தோடு ஈரமாக இழைக்க முடியாது. மெல்லிய தூரிகையால் கோட்டருகே கோடாக அடுக்கித்தான் நிழல் கொண்டுவர வேண்டும். அதைக் கையால் செய்து பார்த்தவர்கள் அடுத்த முறை ஓவியத்தருகே போய் அந்தக் கோடுகளைத் தாங்களாகவே தேடுவார்கள். 1400ஆம் ஆண்டையொட்டிக் கைவினை நூல் எழுதிய சென்னினோ சென்னினி, இளையோர் முகத்துக்கு நகரத்துக் கோழியின் வெளிறிய கருவும், முதியோர் முகத்துக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கருவும் ஏற்றவை என்கிறார். கடையில் இரண்டு வகை முட்டை வாங்கி உடைத்துப் பார்த்தோம். நிறம் உண்மையிலேயே வேறாக இருந்தது.

இதற்குப் பிறகுதான் லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்குப் போனோம். நுழைவுக் கட்டணம் இல்லை. வர இயலாதவர்கள் அதன் இணையதளத்தில் ஓவியங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரு நாளுக்கு இரண்டு ஓவியங்கள் போதும். நாங்கள் முதலில் பார்த்தது வில்டன் டிப்டிக் என்ற இரட்டைப் பலகை. 1390களின் பிற்பகுதியில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்காகத் தீட்டப்பட்டது. தீட்டியவர் பெயர் தெரியவில்லை. ஒவ்வொரு பலகையும் அரை மீட்டரை ஒட்டிய உயரமே. தேவதூதர்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்லுங்கள்: 11 பேர், எல்லார் மார்பிலும் மன்னரின் சின்னமான வெண்மான் இருக்கிறது. கொடிக்கம்பத்து உச்சியிலுள்ள சிறு உருண்டைக்குள் ஒரு தீவும் வெள்ளைக் கோட்டையும் வரையப்பட்டிருப்பது 1990களின் தொடக்கத்தில் துப்புரவு செய்தபோதுதான் தெரியவந்தது. அதை நான் காட்டவில்லை, தேட விட்டேன்.

அந்தக் கால இத்தாலிய ஓவியங்களில் மரியாளின் முகம் பச்சையாக இருப்பதைப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். சதை நிறத்துக்கு அடியில் பச்சை மண் பூசுவது வழக்கம். மேல்பூச்சு காலத்தால் தேய்ந்த இடங்களில் அது வெளியே தெரிகிறது.

ஒன்றை மட்டும் வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். இடைக்காலத்தவருக்கு வரையத் தெரியவில்லை, மறுமலர்ச்சிக் காலத்தவர் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். பல பாடநூல்களில் அந்தத் தொனிதான் இருக்கிறது. தங்க ரேக்கு ஒட்டிய பின்னணி என்பது வானம் வரையத் தெரியாதவரின் வேலை இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அசைந்து மின்னும்படி, இவ்வுலகத்தைச் சேராத ஓர் இடத்தைக் காட்டத் தேர்ந்தெடுத்தது. முக்கியமானவரைப் பெரிதாகவும் மற்றவரைச் சிறிதாகவும் போடுவதை நம் கோயில் சிற்பங்களிலும் பார்த்திருக்கிறார்கள். 7 வயதுப் பிள்ளை தானே அப்படித்தான் வரைகிறது.

மறுமலர்ச்சிக் காலம் வேறொன்றை விரும்பியது. ஓவியத்தைத் திறந்த ஜன்னலாக எண்ணச் சொன்னவர் இத்தாலிய அறிஞர் ஆல்பெர்ட்டி, 1435இல். உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியின் முன் மூத்த பிள்ளையை ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல் நிற்க வைத்து, தெருவின் ஓரக்கோடுகளை அழியும் பேனாவால் கண்ணாடியிலேயே வரையச் சொல்லுங்கள். கோடுகள் ஒரு புள்ளியை நோக்கி ஓடுவதைக் கண்டபின், உச்செல்லோவின் சான் ரோமானோ போர் ஓவியத்தில் தரையில் கிடக்கும் உடைந்த ஈட்டிகள் ஏன் அவ்வளவு ஒழுங்காக விழுந்திருக்கின்றன என்பதற்கு விளக்கம் தேவைப்படாது.

இசையில் உங்களுக்குப் பழக்கமில்லாதது தடையே இல்லை. ச ரி க ம என்பவை சுரப்பெயர்களின் முதலெழுத்துகள் அல்லவா? 11ஆம் நூற்றாண்டில் குயிதோ என்ற துறவி, புனித யோவானைப் போற்றும் ஒரு லத்தீன் துதிப்பாடலின் வரித்தொடக்கங்களிலிருந்து உத், ரே, மி, ஃபா, சோல், லா என ஆறு பெயர்களை எடுத்தார். அந்த ஆறு வரிகளில் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு சுரம் மேலே தொடங்குகிறது. அவர் பெயரால் வழங்கும் கைப்படத்தில் விரல்களின் கணுவுக்கொரு சுரம் குறிக்கப்பட்டிருக்கும். தாளத்துக்கு விரல் எண்ணும் பிள்ளைகள் அதை விளையாட்டாகவே பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்து, 13ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் குயில் பாட்டு. நான்கு பேர் ஒரே மெட்டை ஒருவர் பின் ஒருவராகத் தொடங்க, இன்னும் இருவர் அடியில் ஒரு சிறு வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். கையெழுத்துப் பிரதியிலேயே ஒரு சிலுவைக் குறி இருக்கிறது. முதல் குரல் அதை எட்டும்போது அடுத்தவர் தொடங்க வேண்டும். எங்கள் வீட்டில் நான்கு பேர்தான். நானும் என் கணவரும் அடிவரியைப் பிடித்துக்கொள்ள, மகள்கள் இருவரும் மேலே பாடினார்கள். மூன்று வாரம் ஆயிற்று. தாளத்தை விடாமல் இருந்தால் போதும், பிசிறு தானாகக் குறையும்.

இங்கிலாந்தில் இருப்பவர் என்றால், பெரிய பேராலயங்களில் மாலை வழிபாட்டுக்கு அழைத்துப் போங்கள். கட்டணம் இல்லை, 16ஆம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர்கள் டாலிஸ், பேர்டு ஆகியோரின் இசையை அது எழுதப்பட்ட சூழலிலேயே கேட்கலாம். பத்து நிமிடம் முன்னதாகப் போய்ப் பாடகர்களுக்கு அருகில் இடம் கேளுங்கள். அவர்கள் இரு அணியாக எதிரெதிரே நிற்பார்கள். குயில் பாட்டு பழகிய என் சின்னவள் அன்று ஒவ்வொரு குரல் நுழையும்போதும் மடியில் வைத்திருந்த விரலை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தாள்.