வீடியோ கேசட்டை நேராக எம்பெக்கில் எடுக்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: அக்கா கல்யாண கேசட், 3 மணி நேரம், விஎச்எஸ். டெக்கிலிருந்து நேராக எம்பெக்-2 (வீடியோவைச் சுருக்கி வைக்கும் வடிவம்) ஆக எடுத்தால் போதுமா, சுருக்காமல் எடுத்துவிட்டு அப்புறம் சுருக்க வேண்டுமா?

பதில்: பார்ப்பதற்கு மட்டும் என்றால் நேராகவே எடுங்கள். சுருக்காத பால் (PAL, இந்தியா, இலங்கை டிவி முறை) வீடியோ (720x576) மணிக்கு 75 ஜிபி வரை தின்னும், அதையே எம்பெக்-2வில் 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) வைத்தால் ஏறக்குறைய 3.6 ஜிபிதான். இடம் மிச்சம் என்று 4க்கு மட்டும் இறக்கிவிடாதீர்கள். பழைய கேசட்டில் படம் முழுக்கப் புள்ளி இரைச்சல், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வீடியோவைச் சுருக்கும் என்கோடருக்கு அது இரைச்சல் என்று தெரியாது, பிட்டையெல்லாம் அதற்கே கொட்டிவிடும், தாலி கட்டும்போது சுற்றிலும் ஃபிளாஷ் அடிக்கிற இடத்தில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும்.

கேள்வி: எனக்கு நிறம் சரிசெய்யணும், தேவையில்லாததை வெட்டணும்.

பதில்: அப்படியானால் எம்பெக் வேண்டாம். அதில் அரை நொடிக்கு ஒரு தடவைதான் முழு ஃப்ரேம் வரும், நினைத்த இடத்தில் வெட்டினால் மறுபடி என்கோடு செய்ய வேண்டும், தரம் இன்னொரு படி இறங்கும். ஹஃப்யுவ் அல்லது லாகரித் என்ற சுருக்க முறையில் எடுங்கள்: தரத்தில் இழப்பே இல்லை, சுருக்காததைவிட இடமும் பாதிக்குப் பாதி குறையும்.

கேள்வி: அசைவு வந்தால் சீப்புப் பல் மாதிரி கோடு விழுகிறதே, எடுக்கும்போதே டீஇன்டர்லேஸ் (அந்தக் கோட்டை நீக்கும் வேலை) போடலாமா?

பதில்: கூடாது. நொடிக்கு 50 ஃபீல்டு (ஒன்று விட்டு ஒரு வரி கொண்ட அரைப் படம்) இருக்கிறது, மலிவான டீஇன்டர்லேஸ் அதில் பாதியைத் தூக்கி எறிந்துவிடும், பிறகு திரும்ப வராது. கோடு இருந்துவிட்டுப் போகட்டும், விஎல்சி பிளேயரில் பார்க்கும்போது டீஇன்டர்லேஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரை மணி நேரம் போனதும் பேச்சும் உதடும் ஒட்டவில்லை. கணினி மெதுவா?

பதில்: ஆடியோவைக் கணினியின் லைன்-இன்னில் செருகியிருக்கிறீர்களா? வீடியோவும் ஆடியோவும் வேறு வேறு கடிகாரத்தில் ஓடினால் மெல்ல மெல்ல விலகத்தான் செய்யும். இரண்டையும், கணினிக்குள் எடுத்துத் தரும் ஒரே கேப்சர் கருவியில் கொடுங்கள். அப்படியும் விலகினால் ஃப்ரேம் விடுபடுகிறது என்று அர்த்தம்; தேய்ந்த கேசட்டிலிருந்து வரும் சிக்னல் ஆடும், கருவி பிடி தவறும். அங்கே கணினியை மாற்றிப் பயனில்லை, நடுவில் ஆடும் சிக்னலைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் ஒன்று வேண்டும்.

கேள்வி: அண்ணை, யாழ்ப்பாணத்தில் எடுத்த கேசட் டொராண்டோவில் இருக்கிறது. இங்குள்ள டெக்கில் படம் சரியாக வரவில்லை.

பதில்: கேசட் பால், அங்குள்ள டெக் என்டிஎஸ்சி (வட அமெரிக்க டிவி முறை). இரண்டையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக் தேடுங்கள், கேப்சரிலும் பால், 25 ஃப்ரேம் என்றே வையுங்கள், என்டிஎஸ்சிக்கு மாற்றித் தரும் பெட்டியை நடுவில் மாட்டாதீர்கள்.