விசிறியும் சுழிவிசிறியும் தெரிய வேண்டும்: கணினி கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 71. ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. மகள் கனடாவுக்குப் போகும்போது தன்னுடைய மேசைக் கணினியை எனக்கென்று விட்டுவிட்டுப் போனாள். காலையில் பத்திரிகை வாசிப்பதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப்பிள்ளைகளோடு கதைப்பதும் அதில்தான். எழுத்துகளும் ஐகன்களும் எறும்பு மாதிரி இருக்கின்றன என்று கடையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் எதையோ மாற்றினார், எல்லாம் பெரிதாகத்தான் வந்தது. ஆனால் இப்போது எழுத்துகள் பனிப்புகார் மூடியது போல மங்கலாக இருக்கின்றன. பேரனின் முகமும் அகன்று தெரிகிறது. "கண்ணில்தான் பிழை, டீச்சர்" என்கிறார் வந்தவர். உண்மையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லை டீச்சர், பிழை கண்ணில் இல்லை. பேரனின் முகம் அகன்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே விசயம் விளங்கிவிட்டது. வந்தவர் திரையின் ரெசலூஷனை, அதாவது படம் எத்தனை புள்ளிகளால் வரையப்படுகிறது என்ற கணக்கை, குறைத்துவிட்டுப் போயிருக்கிறார். பம்பலப்பிட்டியில் 11 வருடம் கணினி திருத்தும் மேசையில் இருந்தவன் நான். இப்படிக் குறைத்த திரைகள் வாரத்துக்கு ஒன்றாவது எங்களிடம் வரும். கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள். எல்லோரிடமும் கண்தான் பிழை என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்தும்.

இன்று வீடுகளில் இருக்கும் மொனிட்டர்களில் பெரும்பாலும் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் இருக்கும். அவை திரைக்குள் பதிந்தே வருகின்றன, கூட்டவோ குறைக்கவோ முடியாது. ரெசலூஷனை 1024க்கு 768 என்று வைத்தால் கணினி அந்த அளவில் ஒரு சின்னப் படத்தைத் தயாரித்து, அதை முழுத் திரைக்கும் இழுத்துப் போர்த்துகிறது. ஒரு புள்ளிக்குரிய நிறம் ஒன்றரைப் புள்ளிக்குப் பரவ வேண்டி வரும்போது அரைப் புள்ளியை மட்டும் எரிய வைக்க வழியில்லை. பக்கத்துப் புள்ளியோடு நிறம் கலந்துவிடுகிறது. நீங்கள் பனிப்புகார் என்று எழுதியது அதைத்தான். நெடுக்கே இழுபடுவதைவிடக் குறுக்கே கூட இழுபடுவதால், இந்த அளவில் முகம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும்.

முதலில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவோம். டெஸ்க்டொப்பில் ஐகன் இல்லாத வெறும் இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' என்பதைத் திறவுங்கள். 'டிஸ்பிளே ரெசலூஷன்' என்ற பெட்டியில் 'ரெக்கமண்டட்' என்று பக்கத்தில் எழுதியிருக்கும் அளவைத் தெரிவுசெய்யுங்கள். 'கீப் சேஞ்சஸ்' என்று கேட்கும். 15 செக்கனுக்குள் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் தானாகவே பழையபடி திரும்பிவிடும். இப்போது எழுத்துகள் மறுபடி எறும்பாகும். பேரனின் முகம் சரியாகியிருக்கும், பயப்பட வேண்டாம்.

அதே பக்கத்தில் 'ஸ்கேல்' என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான். 100 வீதம் என்று இருப்பதை 125 ஆக்குங்கள், போதாவிட்டால் 150. இங்கே கணினி படத்தை இழுப்பதில்லை; எழுத்தையும் ஐகனையும் பெரிய அளவில் புதிதாக வரைகிறது. ஆகவே ஓரம் கூர்மையாகவே இருக்கும். சில பழைய புரோகிராம்கள் மட்டும் மங்கலாகத் தெரியலாம். மாற்றிய பிறகு ஒருமுறை கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டால் எல்லாம் ஒழுங்காக வரும்.

125 போதுமா, 150 வேண்டுமா? இதை ஆங்கில எழுத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். ஆங்கிலம் தெளிவாகத் தெரியும் அளவில் தமிழ் தெரியாது. நீங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த குற்று ('க்' மேலுள்ள புள்ளி), விசிறி ('கி'யின் வளைவு), சுழிவிசிறி ('கீ'யின் சுழித்த வளைவு) எல்லாம் ஒரே வரி உயரத்துக்குள் அடங்க வேண்டியிருக்கிறதே! 'விடு' என்பதற்கும் 'வீடு' என்பதற்கும் நடுவில் இருப்பது தலையில் ஒரு சின்னச் சுழி. 'பணி'யையும் 'பனி'யையும் பிரிப்பது மூன்று சுழியா இரண்டு சுழியா என்பதுதான். எழுத்து சின்னதானால் முதலில் மறைவது இவைதான். நமக்குத் தமிழ் பழக்கம் என்பதால் மூளை ஊகித்து நிரப்பிக்கொண்டு போகிறது, கண் களைத்துப்போவது பிறகுதான் தெரிகிறது. இந்த நான்கு சொற்களையும் தட்டச்சு செய்து, கதிரையில் சாய்ந்து இருந்தபடி பாருங்கள். ஊகிக்காமல் சுழி தெரிகிற அளவு எதுவோ, அதுவே உங்கள் அளவு.

கொட்டாஞ்சேனை வீட்டில் என் அம்மா இப்படித்தான் வருடக்கணக்காக ஊகித்து வாசித்திருக்கிறார். ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன். மரண அறிவித்தல் பக்கம் திறந்திருந்தது. இரட்டை வில்லைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதியால் பார்ப்பதற்காக நாடியை உயர்த்தி, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் கிட்ட இருந்தார். இரவில் கழுத்துக்குச் சித்தாலேப பூசுவது எதனால் என்று அன்றுதான் விளங்கியது. ஸ்கேலை 150 ஆக்கினேன். "இப்படிப் பெரிதாய் வைச்சால் மற்றவைக்கு இடம் காணாது" என்று முதலில் மறுத்தார். மற்றவர்கள் யார்? பாவிப்பது அவர் ஒருவர்தான். நீங்களும் அப்படிக் கூச்சப்பட வேண்டாம், டீச்சர்.

மெனுக்களில் உள்ள எழுத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டுமானால், விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், அக்ஸசிபிலிட்டி, டெக்ஸ்ட் சைஸ் என்று போங்கள். விண்டோஸ் 10 ஆனால் 'ஈஸ் ஒஃப் அக்ஸஸ்' என்பதில் 'டிஸ்பிளே'. அங்குள்ள கோலை 225 வீதம் வரை இழுக்கலாம். 120 அளவில் நிறுத்தினால் அழகாக இருக்கும். டெஸ்க்டொப் ஐகன்களுக்கு, வெறும் இடத்தில் மவுஸை வைத்து, கொன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை முன்னால் உருட்டினாலே போதும். பத்திரிகை வாசிக்கும் குரோமில் கொன்ட்ரோலோடு கூட்டல் விசை. அந்தத் தளத்துக்கு வைத்த அளவை அது நினைவில் வைத்துக்கொள்ளும். கொன்ட்ரோலோடு பூச்சியத்தை அழுத்தினால் பழைய அளவு வரும். மகள் படமாக அனுப்பும் கடிதம் ஏதாவது வாசிக்க முடியாவிட்டால் விண்டோஸ் விசையோடு கூட்டலை அழுத்துங்கள், உருப்பெருக்கி திறக்கும். மூடுவதற்கு விண்டோஸ் விசையோடு எஸ்கேப்.

பெரிதாக்கினால் ஒரு தொல்லையும் உண்டு. சில பழைய புரோகிராம்களின் பெட்டி திரையைவிட உயரமாகி, அடியிலுள்ள 'ஓகே' பொத்தான் மறைந்துவிடும். ஓல்ட் (Alt) விசையோடு ஸ்பேஸை அழுத்தி, பிறகு 'எம்' (M) எழுத்தை அழுத்தி, மேல்நோக்கிய அம்பு விசையால் பெட்டியைத் தூக்கலாம்.

கண்ணாடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கு, அதாவது ஏறக்குறைய 40 சென்ரிமீற்றருக்குத் தருவார்கள். மொனிட்டரோ கை நீட்டினால் விரல் தொடும் தூரத்தில், 60 சென்ரிமீற்றருக்கும் மேலே இருக்கிறது. அடிமட்டத்தால் அளந்து, அந்த எண்ணைக் கண் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஸ்கேலைச் சரிசெய்த பிறகும் மங்கல் போகாவிட்டாலோ, ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று மங்கினாலோ கணினியை விட்டுவிட்டு உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். கொழும்பு லிப்டன் சுற்றுவட்டத்தில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் மங்கலுக்குக் காத்திராமல் வருடம் ஒருமுறை பார்ப்பித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: புதுக்கடையில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிகள் தட்டச்சு செய்கிறேன். எழுத்து தெரியாததால் 20 அளவில் அடித்துவிட்டு, முடிவில் 12க்குக் குறைக்கிறேன். இரண்டு முறை மறந்துபோய் அப்படியே அச்சாகிவிட்டது. வேறு வழி உண்டா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: எழுத்தின் அளவைத் தொடவே வேண்டாம், தம்பி. 12இலேயே அடியுங்கள். வேர்ட் சாளரத்தின் வலது அடிமூலையில் சூம் கோல் இருக்கிறது. அதை 160, 170 வீதத்துக்குத் தள்ளுங்கள். அது திரையில் தெரிவதை மட்டுமே பெரிதாக்கும், தாளில் ஒன்றும் மாறாது. தாளின் பக்க ஓரங்கள் திரைக்கு வெளியே போனால் 'வியூ' மெனுவில் 'பேஜ் விட்த்' என்பதை அழுத்துங்கள். உறுதியில் எல்லை அளவுகளையும் துண்டு இலக்கங்களையும் சரிபார்க்கும்போது மட்டும் 200க்குக் கொண்டுபோய், ஒவ்வொரு எண்ணாக மூலப்பிரதியோடு ஒப்பிட்டு வாசியுங்கள்.