போர் தண்ணீரில் ஓடும் கீசரை வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

நீங்கள் கும்பகோணம் பக்கம், 15 லிட்டர் கீசர், 2000 வாட், போர் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடகொடவென்று சத்தம் வருகிறது, சூடாக நேரமாகிறது, நாமே கழற்றலாமா என்பது கேள்வி. தாராளமாகக் கழற்றலாம். ஆனால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியது காயிலை மட்டும் இல்லை.

முதலில் ஒரு விஷயம். சத்தமும் தாமதமும் ஒரே கோளாறு அல்ல. சத்தம் உப்பால் வருவது. காயில்மேல் படிந்த சுண்ணாம்புக்கு அடியில் சிக்கிய தண்ணீர் ஆவியாகிக் கிளம்புவதுதான் அந்தக் கொடகொடப்பு. தாமதத்துக்கு வோல்டேஜைப் பாருங்கள். 27 டிகிரித் தண்ணீர் 15 லிட்டரை 55 டிகிரிக்கு ஏற்ற 2000 வாட் காயிலுக்கு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 15 நிமிஷம் போதும். சுற்றிலும் பம்ப்செட் ஓடி லைனில் 200 வோல்ட்தான் வந்தால், அதே காயில் 1500 வாட்தான் கொடுக்கும். 20 நிமிஷம் ஆகும். "உப்பு படிந்தால்தான் கரண்ட் பில் ஏறுகிறது" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். அது சரியில்லை. காயில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. அதன் சூடு தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும், வீணாக வேறு எங்கும் போகாது. உப்பு செய்யும் கெடுதல் வேறு: காயிலின் உறை அளவுக்குமீறிச் சூடேறி வெடிப்பு விடும், உள்ளே தண்ணீர் இறங்கும், குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கும். அதனால்தான் சுத்தம் செய்யச் சொல்கிறேன்.

ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் எர்த். பழைய வீடுகளில் பிளக் பாயிண்டின் மூன்றாவது ஓட்டையில் எர்த் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லை என்றால் போடச் சொல்லுங்கள். இந்த ஒரு செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கழற்றும் முறை: சுவிட்ச் மட்டும் போதாது, போர்டில் கீசருக்கான எம்.சி.பி.யையும் (டிரிப் சுவிட்ச்) இறக்குங்கள். உள்ளே இருக்கும் வெந்நீரைப் பிடித்துத் தீர்த்து, குழாயில் சூடில்லாத தண்ணீர் வந்தபின் இன்லெட் ஆங்கிள் காக் வால்வை (கீசருக்குத் தண்ணீர் வரும் வழியில் இருப்பது) மூடுங்கள். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்தால் டேங்க் காலியாகாது, ஏனென்றால் அவுட்லெட் பைப் உள்ளே டேங்கின் உச்சிவரை போகிறது. இன்லெட் பக்கமாகத்தான் இறக்க வேண்டும். அங்கே சேஃப்டி வால்வில் தண்ணீர் திரும்பாதபடி தடுப்பு இருக்கிறது. வெந்நீர்க் குழாயைக் காற்று போகத் திறந்துவிட்டு, வால்வின் சின்ன லீவரைத் தூக்கிப் பிடியுங்கள். வால்வே உப்பில் இறுகியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு வாளி வையுங்கள்.

அடி மூடியைத் திறந்ததும் வயர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். தெர்மோஸ்டாட்டை நேராகக் கீழே இழுத்தால் வந்துவிடும். ஃபிளாஞ்ச் (காயிலைத் தாங்கும் அடித்தட்டு) நட்டுகளை எடுத்தால் காயிலும், டேங்கைத் துருவிலிருந்து காக்கும் ஆனோடு ராடும் சேர்ந்து இறங்கும். மிச்சத் தண்ணீரும் மணலும் தலையில் கொட்டும், நேர் கீழே நிற்காதீர்கள்.

காயிலைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், உறையையே தின்றுவிடும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு, டெர்மினல் நனையாமல் காயில் பகுதியை மட்டும் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். நுரை அடங்கியதும் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். காய்ந்தபின் மல்டிமீட்டரில் இரண்டு டெர்மினலுக்கும் இடையே 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். டெர்மினலுக்கும் உறைக்கும் இடையே எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் அந்தக் காயிலைத் தூக்கிப் போடுங்கள்.

இப்போது ராடு. கம்பெனி கார்டில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கும், யாரும் படிப்பதில்லை. மெக்னீஷியம் ராடு தான் கரைந்து டேங்கைக் காப்பாற்றுகிறது. உப்புத் தண்ணீரில் வேகமாகக் கரையும். நடுவிலுள்ள இரும்புக் கம்பி தெரிந்தாலோ, பாதிக்குமேல் தேய்ந்திருந்தாலோ புதிது போடுங்கள். காயில் போனால் வாங்கிக்கொள்ளலாம், டேங்க் போனால் ஹீட்டரே போச்சு.

கீசருக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காவிரிப் படுகையில் வீட்டைக் கட்டிவிட்டு, சீர்காழி, நாகப்பட்டினம் பக்கத்து ஜனங்கள் உவர்ப்பு ஏறிய போர் தண்ணீரில் குளிக்கிறார்கள். வேதாரண்யம் வரை கொள்ளிடத்துத் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஆற்றில் மணலை அள்ளி ஆழமாக்கி, கடைமடைக்குத் தண்ணீரும் வராமல் போனால் கடல் உள்ளே வரத்தான் செய்யும். அதைத் தடுக்காமல் சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் கருவி) விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

திரும்ப மாட்டும்போது பழைய கேஸ்கட்டைப் போடாதீர்கள். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். அதற்கு முன், ஃபிளாஞ்ச் திறந்திருக்கும்போதே ஆங்கிள் காக் வால்வை இரண்டு மூன்று தடவை லேசாகத் திறந்து டேங்குக்குள் கிடக்கும் வண்டலை வெளியேற்றிவிடுங்கள். மாட்டியபின் வெந்நீர்க் குழாயில் காற்றுக் கக்குவது நின்று தண்ணீர் சீராக வரும்வரை கரண்ட் போடக் கூடாது. வெறும் டேங்கில் போட்டால் காயில் உடனே கருகும். அரை மணி நேரம் கசிவு பார்த்து, அப்புறம் மூடியை மாட்டுங்கள். தெர்மோஸ்டாட் 50–55 டிகிரியில் இருக்கட்டும்; 60-ஐத் தாண்டினால் சுண்ணாம்பு மளமளவென்று படியும்.

சூடாகும்போது சேஃப்டி வால்வில் சொட்டினால் பயப்படாதீர்கள், தண்ணீர் விரிவதால் வருவது. அந்த ஓட்டையை அடைத்துவிடாதீர்கள், டேங்க் வெடிக்கும் ஆபத்து அதில்தான் இருக்கிறது. சூடு இல்லாதபோதும் விடாமல் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கோடை முழுக்கப் போடாமல் வைத்திருந்து திறக்கும்போது அழுகிய முட்டை வாடை வந்தால், முழுத் தண்ணீரையும் இறக்கிப் புதுத் தண்ணீர் நிரப்பி, ஒரே ஒரு தடவை மட்டும் உச்ச சூட்டில் ஓடவிட்டுக் கொட்டிவிடுங்கள்.