பனி மலையில் ஓட்டுக் கூரை நிற்குமா?

கூரை, கசிவு, கட்டட வேலை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ஓடு வேய்வதையே தொழிலாகக் கொண்டிருந்த நமது பத்தியாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: நானும் என் மைத்துனரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஜப்பானின் ஹொக்காய்டோவில், நிசெக்கோ பக்கம், ஒரு பழைய இரண்டு மாடி விடுதியை வாங்கியிருக்கிறோம். கீழே உணவகம், மேலே அறைகள். இப்போது இருப்பது தகட்டுக் கூரை. நம் சிங்கப்பூர்த் தேக்கா கடைவீடுகளைப் போலச் சிவப்புக் களிமண் ஓடு போட்டால் தூரத்திலிருந்தே நம்ம இடம் என்று தெரியுமே என்று ஆசை. அங்குள்ள கட்டடக் குத்தகைக்காரர் ஓடு என்றாலே வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறார். வேலைக்குச் சோம்பல்படுகிறாரா, நிஜமாகவே முடியாதா? இங்கிருந்தே ஓடு அனுப்பலாமா?
— வாசகர், ஈசூன்

பதில்: சோம்பல் இல்லை ஐயா, அனுபவம். நான் தொழில் கற்றது டன்லப் ஸ்திரீட், கெர்பாவ் சாலைப் பக்கத்துக் கடைவீடுகளின் மேலேதான். பிறகு ஒரு ஜப்பானிய நிறுவனத்தோடு ஹொக்காய்டோவில் வேலை. கோடையில் கூரை போடுவோம், குளிர்காலத்தில் அது என்ன பாடுபடுகிறது என்று பார்க்கப் போவோம். அங்கே ஊர் முழுக்கத் தகடுதான். பல வீடுகளில் கூரையே தட்டையாக, நடுவில் வடிகால் வைத்து இருக்கும். பக்கத்து வீட்டின் மேல் பனி சரியக்கூடாது என்பதற்காக அதை அப்படியே மேலே தங்கவிட்டு உருக விடுகிறார்கள். அந்த ஊரில் ஒருவர் ஓட்டுக்குத் தலையாட்டுகிறார் என்றால் காரணம் இருக்கும்.

ஆனால் முடியவே முடியாது என்பதும் இல்லை. ஷிமானே மாநிலத்தில் செகிஷூ என்று ஒரு ஓடு செய்கிறார்கள். 1,200 டிகிரிக்கு மேல் சூளையில் வேகிறது. ஜப்பான் கடலோரப் பனி ஊர்களில் பரவலாகப் போடுவது அதைத்தான். நிறமும் செம்பழுப்பு, உங்கள் ஆசைக்குப் பக்கத்தில் வரும்.

நம்மூர் ஓட்டை அனுப்பும் யோசனையை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். களிமண் ஓடு கொஞ்சம் தண்ணீர் குடிக்கும். இங்கே மழை நின்றதும் வெயில் அடித்துக் காய்ந்துவிடும், பிரச்சினை இல்லை. அங்கே குடித்த தண்ணீர் உள்ளேயே உறைகிறது. உறையும்போது தண்ணீரின் கொள்ளளவு சுமார் 9 விழுக்காடு கூடும். அந்த அழுத்தத்தில் ஓட்டின் முகம் செதில் செதிலாக உரிந்து வரும். கடுங்குளிர்தான் எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். ஜனவரியில் விடாமல் உறைந்தே கிடக்கும் ஓட்டுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. மார்ச், ஏப்ரலில் பகலில் உருகி இரவில் உறைகிறதே, அதுவும் வெயில் படும் தெற்குச் சரிவில், அங்கேதான் ஓடு சாகும்.

அதனால் விற்பவரிடம் நிறத்தைக் கேட்பதற்கு முன் காகிதத்தைக் கேளுங்கள். அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் சி1167-இல் முதல் வகை ஓடுதான் கடும் உறைபனிக்கு உரியது. அது உறிஞ்சும் தண்ணீர் சராசரியாக 6 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஐரோப்பியத் தரத்தில் ஓட்டை உறைய வைத்து, உருக வைத்து, மீண்டும் உறைய வைத்துச் சோதிப்பார்கள். அதில் மேல்நிலைச் சோதனை 150 சுற்று. பளபளப்புப் பூச்சு இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். பூச்சு மேல்முகத்தில் மட்டும் இருந்தால் தண்ணீர் அடிமுகம் வழியே ஏறிவிடும். மண்ணும் சூளைச் சூடும்தான் முக்கியம்.

அடுத்தது கனம். ஓடு கனம், கட்டடம் தாங்காது என்று குத்தகைக்காரர் சொல்லியிருப்பார். ஓடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ என்று வையுங்கள். பனியின் கனத்தைப் பாருங்கள். ஜப்பானின் கனத்த பனிப் பகுதிகளில் ஒவ்வொரு சென்டிமீட்டர் பனிக்கும் சதுர மீட்டருக்கு 30 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 3 கிலோ, சுமை எனக் கணக்கிடுவது வழக்கம். 2 மீட்டர் பனி தங்கினால் சதுர மீட்டருக்கு 600 கிலோவைத் தொடும். 100 சதுர மீட்டர் கூரைக்கு 5 டன் ஓடு, 60 டன் பனி. அப்படியானால் ஓடு சில்லறை விஷயம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது நிலநடுக்க நாடு. பனி வசந்தத்தில் போய்விடும், ஓடு வருடம் முழுக்க உச்சியில் உட்கார்ந்திருக்கும். பழைய கட்டடத்தின் சட்டகம் தகட்டுக்காகக் கணக்குப் போட்டது. கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் ஓர் ஓட்டைக்கூட மேலே ஏற்றாதீர்கள்.

சரி, இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். பனி ஊரில் ஓட்டுக் கூரை கெடுவது பெரும்பாலும் ஓட்டால் அல்ல, அதற்குக் கீழே இருப்பதால்.

உங்கள் உணவகத்தில் சமையல் சூடு, மேலே அறைகளில் ஹீட்டர். அந்தச் சூடு கூரைக்கு ஏறுகிறது. மேலே கிடக்கும் பனியின் அடிப்பக்கம் உருகி, தண்ணீர் சரிவில் இறங்குகிறது. சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறவாரத்துக்கு அடியில் சூடு கிடையாது. அங்கே வந்ததும் தண்ணீர் உறைந்துவிடும். நாளுக்கு நாள் அது வளர்ந்து பனிக்கட்டி அணையாகி நிற்கும். பின்னால் தேங்கும் தண்ணீர் மேல்நோக்கி ஏறி ஓட்டின் இடுக்கு வழியே உள்ளே போகும். ஓடு என்பது இறங்கி வரும் தண்ணீரை வழித்துவிடும் பொருள். ஏறி வரும் தண்ணீருக்கு அதனிடம் பதில் இல்லை.

இதற்கு மருந்து, கூரையை வெளிக்காற்றைப் போலவே குளிராக வைப்பது. முதலில் உள்கூரைக்கு மேல், சூட்டைத் தடுக்கும் தடிமனான இன்சுலேஷன். அதற்கு மேல் பலகைத் தளம். அதன்மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் தார் மெம்பிரேன், அதாவது தண்ணீர் புகாத தாள். விளிம்பிலிருந்து தொடங்கி வெளிச்சுவர்க் கோட்டுக்கு உள்ளே குறைந்தது 600 மில்லிமீட்டர் வரை அது போக வேண்டும் என்கிறது அமெரிக்கக் கட்டட விதி. நிசெக்கோ இருக்கும் குச்சான் வட்டாரத்தில் ஒரு பருவத்தில் சுமார் 10 மீட்டர் பனி கொட்டுகிறது. அங்கே நான் முழுக் கூரைக்கும் ஒட்டச் சொல்வேன். இந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மெம்பிரேனுக்கு மேலேதான் நம்மூர்ப் பழக்கம் கால் இடறும். இங்கே ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான குறுக்கு ரீப்பரை நேராகத் தளத்தில் அடித்து ஓட்டை மாட்டிவிடுவோம். அங்கே அப்படிச் செய்தால் ஒவ்வொரு ரீப்பரும் ஒரு குட்டித் தடுப்பணை. முதலில் சரிவின் போக்கிலேயே, முகட்டிலிருந்து இறவாரம் வரை, நெடுக்கு ரீப்பர் அடிக்க வேண்டும். அதன்மேல் குறுக்கு ரீப்பர், அப்புறம் ஓடு. இப்போது ஓட்டுக்கு அடியில் காற்று ஓட வழி கிடைக்கும். கீழே இறவாரத்தில் நுழைந்து மேலே முகட்டில் வெளியேறும். அந்த இடைவெளியை நான் 50 மில்லிமீட்டருக்குக் குறைய விடமாட்டேன். சரிவு நீளமாக இருந்தால் இன்னும் அதிகம் வேண்டும். தப்பித்தவறி உள்ளே போன தண்ணீரும் அதே வழியில் இறங்கி வெளியே போகும்.

இன்னொன்று, சிங்கப்பூர்க்காரர்களின் மண்டையில் லேசில் ஏறாத விஷயம். இங்கே ஈரம் வெளியிலிருந்து ஏர்கான் அறைக்குள் வரும். அங்கே குளிர்காலத்தில் எல்லாம் தலைகீழ். குளியலறை, சமையலறை, இருபது பேர் விடும் மூச்சு எல்லாம் மேலே ஏறி, குளிர்ந்த பலகையில் பட்டு, இட்லிப் பானை மூடியில் சேர்வது போலச் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிடுவார்கள், ஓட்டில் ஒரு கீறலும் இருக்காது. ஆகவே இன்சுலேஷனுக்குச் சூடான உள்பக்கம் ஆவித் தடுப்புத் தாள் வேண்டும். மூட்டுகளை டேப் போட்டு அடைக்க வேண்டும். உங்கள் உள்ளலங்காரக்காரர் உச்சி அறைகளின் உள்கூரையில் டவுன்லைட் விளக்குப் பதிக்க வரிசையாகத் துளை போட விரும்புவார். ஒவ்வொரு துளையும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் வாசல். விளக்கைச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முகட்டோட்டை நாம் சிமெண்டுக் கலவையில் பதிக்கிறோம். அங்கே அது வெடித்துப் போகும், அதோடு காற்று வெளியேறும் வழியையும் அடைத்துவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகில் பூட்டும் காற்றோட்ட முகடுதான் சரி. ஒவ்வோர் ஓட்டையும் அடியிலுள்ள ரீப்பரோடு பூட்ட வேண்டும். ஜப்பானில் 2022 ஜனவரியிலிருந்து புதுக் கட்டடங்களில் அது சட்டமே. பனி சரிவில் மெல்ல ஊர்ந்து இழுக்கும். அந்த இழுவையில் புகைக்குழாயும் காற்றுக்குழாயும் முறியும். எனவே சமையலறைப் புகைக்குழாயைப் பக்கச் சுவர் வழியாகவோ முகட்டை ஒட்டியோ வெளியே விடுங்கள். இரண்டு சரிவு கூடும் பள்ளங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வரைபடத்தில் அழகுக்காகச் சின்னச் சின்ன முகப்புக் கூரைகள் போட்டிருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள்.

முடிவாக என்ன செய்யலாம்? சட்டகத்தைப் பலப்படுத்தவும் கூரையை அடியிலிருந்து மாற்றவும் பணம் இருந்தால் செகிஷூ ஓடு போடுங்கள். ஓட்டுக்கு மட்டும்தான் பணம் என்றால் தகட்டையே நல்ல தகடாக மாற்றி, இன்சுலேஷனுக்குச் செலவழியுங்கள். நம்ம இடம் என்று தெரிய வாசல் சுவருக்குச் சிவப்பு அடித்தால் போதாதா?

கேள்வி: சரிவாகக் கூரை கட்டுவதே பனி வழுக்கி விழத்தானே? பிறகு ஏன் பனித் தடுப்புக் கம்பி வைத்து அதைப் பிடித்து நிறுத்துகிறார்கள்? பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டடத் துறை படிக்கிறேன்.
— மாணவர், செங்காங்

பதில்: நல்ல கேள்வி தம்பி. வயல் நடுவில் இருக்கும் வீடு என்றால் விழட்டும் என்று விட்டுவிடலாம். ஜப்பானின் ஷிராகாவா-கோ கிராமத்துப் புல்வேய்ந்த வீடுகள் ஏறக்குறைய 60 டிகிரி சரிவில் அப்படித்தான் நிற்கின்றன. விடுதி, கடை என்றால் கீழே ஆள் நடக்கிறார், கார் நிற்கிறது, எரிவாயுக் குழாய் போகிறது. ஒரு சரிவு முழுவதும் மொத்தமாக இறங்கினால் ஆளைக் கொன்றுவிடும்.

நீ கணக்குப் போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. பனிச்சுமைக்கான ஐரோப்பிய விதியான யூரோகோட் 1991-1-3-இன்படி, 30 டிகிரி சரிவு வரை பனிச்சுமைக் குணகம், அதாவது தரைப் பனிச்சுமையில் கூரைக்கு எடுத்துக்கொள்ளும் பங்கு, 0.8. அதற்கு மேல் சரிவு கூடக் கூடக் குறைந்து 60 டிகிரியில் சுழியாகும். ஆனால் பனித் தடுப்பு வைத்தால் குணகம் 0.8-க்குக் கீழே இறங்கக்கூடாது. பலர் செங்குத்துச் சரிவு என்று சொல்லிச் சுமையைக் குறைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் பாதுகாப்புக்கென்று தடுப்பையும் மாட்டிவிடுகிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு. தடுப்பு என்றால் இறவாரத்தில் ஒரே வரிசை போதாது, நீளச் சரிவில் பல வரிசை வேண்டும். அதை ஓட்டில் கொக்கி போட்டுத் தொங்கவிடாமல் கீழே உள்ள மரத்தோடு பூட்ட வேண்டும். வாசலைச் சரிவுக்கு அடியில் வைக்காமல் முக்கோணச் சுவர்ப் பக்கம் வைத்தால் பாதித் தலைவலி போய்விடும்.

கேள்வி: சப்போரோ போயிருந்தபோது கூரை ஓரத்தில் வரிசையாகத் தொங்கிய பனிக்கட்டிகள் கண்ணாடிச் சரம் மாதிரி இருந்தன. நிறையப் படம் எடுத்தோம். அப்படித் தொங்கினால் கூரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?
— வாசகி, தெம்பனிஸ்

பதில்: நேர் எதிர் அம்மா. பெரும்பாலும் உள்ளிருந்து சூடு கசிகிறது என்பதன் அடையாளம் அது. நான் ஊருக்குள் நடந்தால் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஒரே தெருவில் ஒரு வீட்டுக் கூரையில் பனி முழுசாகக் கிடக்கும், அடுத்த வீட்டில் உருகிக் கட்டி தொங்கும். முதல் வீட்டுக்காரர் இன்சுலேஷனுக்குப் பணம் போட்டவர். கட்டி தொங்கும் வீட்டில் இறவாரத்தில் மின்கம்பி வைத்துச் சூடாக்குவார்கள். அது வலி மாத்திரை மட்டும்தான், மின்கட்டணம் ஒவ்வொரு குளிர்காலமும் வரும். அடுத்த முறை அதற்கு அடியில் நின்று மட்டும் படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: காக்கி புக்கிட்டில் சின்னக் கூரை நிறுவனம் வைத்திருக்கிறேன். முதல் கேள்வி கேட்ட ஈசூன் நண்பர் எனக்கும் தெரிந்தவர்தான். டிசம்பர் விடுமுறையில் என் ஆட்களுக்கு வேலை குறைவு. ஒரு குழுவை அழைத்துப் போய் அப்போதே முடித்துத் தரட்டுமா?
— வாசகர், காக்கி புக்கிட்

பதில்: வேண்டாம் நண்பரே. மெம்பிரேன் பெரும்பாலும் 5 டிகிரிக்குக் கீழே சரியாக ஒட்டாது. பலகையில் உறைபனி படிந்திருந்தால் ஒட்டினாலும் உரியும். டிசம்பரில் அங்கே மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். குளிரில் விறைத்த கையோடு சரிவில் ஏறி நிற்பது வேறு. ஒரு பெரிய பனி கொட்டினால் பாதி திறந்த கூரையோடு விடுதி நனையும்.

பனி உருகிய பிறகு மே மாதம் தொடங்குங்கள், அக்டோபருக்குள் ஓடு முகட்டைத் தொட வேண்டும். ஓட்டை மேலே ஏற்றும்போது முகட்டின் இரண்டு பக்கமும் சமமாக அடுக்குங்கள், ஒரே பக்கம் குவித்தால் சட்டகம் சாயும். வேலை அனுமதி, உள்ளூர் உரிமம் பற்றி அங்குள்ள குத்தகைக்காரரிடம் முதலில் பேசுங்கள். அவரை மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தலையாட்டினாரே, அவர்தான்.