தானாக இளைத்த ஐந்து கிலோ

கேள்வி: எனக்கு 59 வயது. ஏழு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். நரை, முகச்சுருக்கம் அதிகமாகிவிட்டது. பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. முட்டி சொடக்குப் போடுகிறது. யூடியூபில் பார்த்து கொலாஜன் பவுடரும், வாரம் ஒரு வைட்டமின் டி மாத்திரையும் எட்டு மாதமாக எடுக்கிறேன். தரையில் உட்கார்ந்தால் கையூன்றித்தான் எழ முடிகிறது. ஆறு மாதத்தில் 62 கிலோவிலிருந்து 57-க்கு வந்தது மட்டும்தான் சந்தோஷம். என் மாமியார் மாதிரி நானும் கடைசியில் படுக்கையில் விழுந்துவிடுவேனோ? முதுமையைத் தள்ளிப்போட வழி சொல்லுங்கள்.

பதில்: அந்த ஐந்து கிலோவுக்குச் சந்தோஷப்படாதீர்கள் அம்மா. உங்கள் கடிதத்தில் முதலில் கவனிக்க வேண்டியது அதுதான்.

சாப்பாட்டைக் குறைக்காமல், புதிதாக உடற்பயிற்சி எதுவும் தொடங்காமல், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே காரணம் தேட வேண்டும். உங்களுக்கு எட்டு பங்கு போயிருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இருக்கலாம், தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம், காசநோயாக இருக்கலாம், எங்கோ ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகவோ கட்டுக்குள் வரவோ கூடியவை. அதனால் பயந்து உட்கார வேண்டாம், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), ரத்த அணுக்கள், டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), கால்சியம், வைட்டமின் பி12, நெஞ்சு எக்ஸ்ரே ஆகியவற்றோடு தொடங்குவார்கள். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது வழக்கம், அதுவும் கால்களைத் தளர்த்தும். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டிருந்தால், மார்பில் கட்டி தட்டுப்பட்டால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், கேட்கும் வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். இடையில் சர்க்கரைக்குப் புது மாத்திரை சேர்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சில மாத்திரைகள் எடையைக் குறைக்கும்.

வைட்டமின் டி-யை இன்றே நிறுத்துங்கள். கடையில் கேட்டு வாங்கும் வார மாத்திரை பெரும்பாலும் 60,000 யூனிட். குறைபாடு இருப்பவர்களுக்கே அதை வழக்கமாக எட்டு வாரம்தான் கொடுப்போம், பிறகு அளவைக் குறைப்போம். நீங்கள் எட்டு மாதம் எடுத்திருக்கிறீர்கள், அதுவும் ரத்தத்தில் அளவு பார்க்காமல். அளவு மீறினால் கால்சியம் ஏறும். மலச்சிக்கல், குமட்டல், ஓயாத தாகம், பசியின்மை வரும், உடம்பு இளைக்கும், சிறுநீரகமும் கெடும். உங்கள் எடை குறைந்ததற்கே இந்த மாத்திரை காரணமாக இருக்கலாம்! வீடியோவில் பேசியவர் உங்கள் ரத்தத்தைப் பார்க்கவில்லை.

நரையும் சுருக்கமும் நோயல்ல. வலியோ வீக்கமோ இல்லாத முட்டிச் சத்தத்தை மறந்துவிடுங்கள். பெயர் மறந்து, அரை மணி கழித்து நினைவுக்கு வந்தால் கவலையில்லை. பழகிய தெருவில் வழி தவறினாலோ, தினமும் வைக்கும் ரசத்துக்கு அடுத்து என்ன போடுவது என்று திகைத்து நின்றாலோ வாருங்கள்.

இனி படுக்கையில் விழும் பயம். வயதானவர்கள் பலர் படுக்கையில் விழுவது தொடை, இடுப்புத் தசை கரைந்து, தடுமாறி விழுந்து, இடுப்பெலும்பு முறிவதால்தான். நீங்கள் கையூன்றி எழுவது அந்தத் தசை வலுவிழந்ததன் அடையாளம். வீட்டிலேயே சோதிக்கலாம். கைப்பிடியில்லாத, ஒன்றரை அடி உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் வலு போதாது.

மருந்தும் அந்த நாற்காலிதான். பரிசோதனை முடிவுகளைப் பார்த்து மருத்துவர் சரி என்றதும், வாரம் மூன்று நாள், ஒரு சுற்றுக்குப் பத்து முறை, மூன்று சுற்று. எழும்போது மூச்சை விடுங்கள். மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். உட்காரும்போது மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்குங்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள். தொப்பென்று விழுந்தால் தசைக்குப் பாதி வேலை போய்விடும், முதுகும் அதிரும். முட்டிகள் உள்பக்கம் மடங்கினால் வலிக்கும், கால் விரல்களுக்கு நேராகவே வையுங்கள். இரண்டு வாரத்தில் சுலபமாகிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், பிறகு இரண்டு கிலோ அரிசிப் பை. சுமையை ஏற்றாமல் அதே பத்தைச் செய்துகொண்டிருந்தால் வலு அப்படியே நின்றுவிடும். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, தொடைக்கு அது மட்டும் போதாது. 1990-ல் வெளியான பாஸ்டன் ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயதுக்காரர்களுக்கே எட்டு வாரப் பயிற்சியில் கால் வலு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. உங்களுக்கு 59தான்.

தசைக்குப் புரதம் வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் உங்களுக்கு நாளைக்குச் சுமார் 60 கிராம். மூன்று இட்லியில் கிடைப்பது ஆறேழு கிராம்தான். இரண்டு முட்டையில் 12, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் அதே அளவு, 100 கிராம் மீனில் 20 கிராம் வரை. மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். கொலாஜனில், புரதத்துக்குச் செங்கல் போன்ற அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபேனே கிடையாது, தசை வளர்க்க அது மட்டமான புரதம். அந்தப் பவுடர் காசில் முட்டை வாங்குங்கள்.

மருத்துவரிடம் போகும்போது பவுடர் டப்பா, மாத்திரை அட்டை, லேகியம் என்று வீட்டில் இருப்பதையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், காலி அட்டைகள் உட்பட.