70,000 ரூபா கட்ட முதல் ஒன்றைக் கேளுங்கள்

கேள்வி: மகள் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். கம்ப்யூட்டர் படிக்க ஆசை. தகப்பன் ரவுணுக்கு அனுப்பப் பயப்படுகிறார். வீட்டிலிருந்தே ஒன்லைனில் படிக்கலாம், அரசாங்கப் பதிவுள்ள டிப்ளோமா, வேலையும் எடுத்துத் தருவோம் என்று ஒருவர் வந்து 70,000 ரூபா கேட்கிறார். கட்டலாமா?
- ஒரு தாய், விசுவமடு

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள், அம்மா.

பதிவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனத்தைப் பதிவது வேறு, அங்கே நடக்கும் பாடநெறிக்கு அங்கீகாரம் எடுப்பது வேறு. பாடநெறிக்கு அங்கீகாரம் இல்லையென்றால் என்.வி.கியூ எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடையாது. சுவரில் மாட்டிய பதிவுப் பத்திரத்தைக் காட்டியே காசை வாங்கிவிடுவார்கள். ஆகவே வந்தவரிடம் கேளுங்கள்: “இது முடிய என்.வி.கியூ எத்தனையாம் மட்டம் கிடைக்கும்?” இழுத்தால் அனுப்பிவிடுங்கள். சொன்னால், ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். ஊர் ஊராக வந்து சொல்ல வேண்டியதை இணையத்தில் போட்டுவிட்டு, இணையம் பழகாத தாய்மார் தேடிப் பிடிப்பார்கள் என்று இருக்கிறது நிர்வாகம். தரகர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அசல் சான்றிதழ், அடையாள அட்டை எதையும் அவர் கையில் கொடுக்க வேண்டாம். வேலை எடுத்துத் தருவதை எழுத்தில் கேளுங்கள், கதை மாறும்.

வகுப்புக்குப் போகாமல் என்.வி.கியூ எடுக்க ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். ஆனால் அது ஏற்கெனவே அந்த வேலையைச் செய்து பழகியவர்களுக்கு. கொமினிகேஷன் கடையில் தட்டச்சும் வடிவமைப்பும் செய்துவந்த பிள்ளை, செய்த வேலைகளை ஆதாரமாகச் சேர்த்து, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டிப் பெறலாம். நேற்று மடிகணினி வாங்கிய பிள்ளைக்கு அது சரிவராது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஒன்லைன் பாடங்களை மகள் இன்றே தொடங்கலாம், நல்லவை. என்றாலும் அவற்றை முடித்ததற்காக மட்டும் இந்த வழி திறக்காது. “படிக்காமலே என்.வி.கியூ” என்று விற்பவர் இதைத்தான் திரிக்கிறார்.

தகப்பனோடு வாதாட வேண்டாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016 முதல் இயங்குகிறது, தகவல் தொழில்நுட்பமும் உண்டு. அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள், வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, விடுதி வசதி எப்படி என்று அவரே கேட்கட்டும். பரந்தனில் மாறி வரும் பஸ் நேரத்தையும் பாருங்கள், நேரசூசி போடுகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. அவர் பிறகும் தயங்கினால், பிரதேச செயலகத்து மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரை வீட்டுக்கு வந்து பேசச் சொல்லிக் கேளுங்கள்.